எலிக்குஞ்சுன்னு சொன்ன அத்தை மலையேறின கதை

ஏழு ஊருக்கும் நடுவுல ஒரு ஊரு இருந்துச்சாம், அந்த ஊர்ல கொண்டையராஜான்னு ஒரு ராஜா இருந்தாராம். ராஜான்னதும் ஆன, குதிர, கோட்டைன்னு கண்ண விரிக்காதீங்க. அவருகிட்ட இருந்தது நாலு பசுமாடும் ஒரு ஓட்டு அரமனையும்தான். விடிஞ்சா கிரீடத்தக் கழட்டி ஆணியில மாட்டிட்டு அவரேதான் சாணி அள்ளுவாரு. நல்ல மனுசன்தான், ஆனா ஒரு கோளாறு. கடைசியா யாரு பேசுனாங்களோ அவங்க சொன்னதுதான் அவருக்குச் சரின்னு படும். மந்திரி வந்து மழ வரும்னு சொன்னா "சரிதான்"னு கொடைய எடுப்பாரு, அடுத்தாப்புல மாட்டுக்காரன் வந்து வெயிலடிக்கும்னு சொன்னா "சரிதான்"னு கொடைய வெச்சிருவாரு. சிரிக்காதீங்க, இவரால ஒரு தாயி பட்ட பாட்டத்தான் சொல்லப் போறேன்.

அவரு பொண்டாட்டி பேரு பூரணம். ஏழு வருசம் ஏங்கி, ஏழு கோயிலுக்கு நடந்து, அதுக்கப்புறம் ஒரு ஆம்பளப் பிள்ள பொறந்துச்சு. சோணமுத்துன்னு பேரு வெச்சாங்க. அடேயப்பா, அது பிள்ளையா! எட்டு மாசத்துல கோழிய வெரட்டிக்கிட்டு வாசல் முத்தமெல்லாம் தவழும், கன்னுக்குட்டி வாலப் பிடிச்சு எந்திரிச்சு நிக்கும், விழுந்தா அழாது, மறுபடி வாலத் தேடும். ஒடம்பு மட்டும் கொஞ்சம் ஒல்லி. இருக்காதா பின்ன? ஒரு நிமிசம் ஒரு எடத்துல இருந்தாத்தானே சத ஒட்டும்!

ராஜாவுக்கு ஒரு அக்கா, அன்னக்காமுன்னு பேரு. பக்கத்துச் சீமையில கட்டிக் குடுத்திருந்தாங்க. அவ பிள்ளையப் பாக்கணும்னு வில்லு வண்டி கட்டிக்கிட்டு வந்தா. வந்தவ கால் கழுவுனா, ஊஞ்சல்ல உக்காந்தா, வெத்தலைய மடிச்சு வாயில போட்டா, அப்புறம் இருந்த எடத்துல இருந்தே தொட்டில எட்டிப் பாத்தா.

"ஏ பூரணம், என்னடி இது? பிள்ளையா எலிக்குஞ்சா?"

பூரணத்துக்குத் திக்குன்னு ஆயிருச்சு. "நல்லாத்தானே விளையாடுறான் மதினி"ன்னா.

"விளையாடுறானாம்! எலும்ப எண்ணிரலாம் போலருக்கு. கேப்பக்கூழு காச்சி ஊத்துடி"ன்னு சொல்லிட்டு வண்டியேறிப் போயிட்டா. பூரணமும் கேப்பைய மொளகட்டி, அரைச்சு, வடிகட்டி, கூழு காச்சி ஊட்டுனா. பிள்ள ஒரு வாய் வாங்குச்சு, "தூ"ன்னு அவ மூஞ்சியிலயே துப்புச்சு.

அடுத்த மாசம் மறுபடி வந்தா. கால் கழுவுனா, ஊஞ்சல்ல உக்காந்தா, வெத்தலைய மடிச்சா, எட்டிப் பாத்தா.

"இன்னும் எலிக்குஞ்சாவேதான் இருக்கானா? எங்க தெருவுல ஒரு பிள்ள இருக்குடி, ஆறே மாசம், கன்னம் ரெண்டும் பணியாரம் மாதிரி! நீ என்னத்தக் குடுக்குற?"

"கேப்பக்கூழு மதினி."

"அடிப்பாவி, சளி பிடிக்குமே! எந்தக் கூறுகெட்டவ சொன்னா?"

"நீங்கதான் மதினி சொன்னீங்க."

"நானா? நான் ஏன் சொல்றேன்! வாழப்பழத்த நெய்யில பெசஞ்சு குடு"ன்னுட்டு வண்டியேறிட்டா. பூரணமும் பெசஞ்சா, குடுத்தா. பிள்ள அன்னைக்குப் பூரா வாந்தி. அவ சேலைய நாலு தடவ மாத்துனா.

மூணாவது மாசமும் வந்தா. கால் கழுவுனா, ஊஞ்சல்ல உக்காந்தா, வெத்தலைய மடிச்சா. இந்தத் தடவ எட்டிக்கூடப் பாக்கல. "நெய்யக் குடுத்தியாமே! பிள்ள வயிறு என்னத்துக்காகும்? அவனச் சொல்லி என்ன, உன் பால்லயே சத்து இல்லடி"ன்னு சொல்லிட்டா.

இதச் சொல்லலாமா? ஒரு பெத்தவகிட்ட இதச் சொல்லலாமா? எனக்குச் சொல்லும்போதே பத்திக்கிட்டு வருது! பூரணம் மாட்டுக்கொட்டகைக்குப் போயி, பசுமாட்டுக் கழுத்தக் கட்டிக்கிட்டு அழுதா. ஒருவேள நெசந்தானோ, என் பிள்ள என்னாலதான் எளச்சுப் போச்சோன்னு நெனச்சு நெனச்சு அழுதா.

அதுக்குள்ள இங்க அன்னக்காமு தம்பியப் பிடிச்சுக்கிட்டா. "தம்பி, பிள்ளைய எங்கிட்டக் குடு. மூணே மாசத்துல பூசணிக்காயாட்டம் ஆக்கித் தாரேன்." அவளுக்கு என்ன பிள்ள மேல பாசமா? ஒரு மண்ணும் கெடையாது. ராஜா வீட்டுப் பிள்ள எந்த வீட்டுல வளருதோ அந்த வீட்டம்மாவத்தான் ஏழு ஊரும் கும்பிடும், அதுக்குத்தான்.

கடைசியாப் பேசுனது அக்காதானே? ராஜா என்ன சொன்னாரு? ஆங், "சரிதான்"னாரு.

பூரணம் ஓடி வந்தா. "என்னங்க, ஏழு வருசம் காத்திருந்து பெத்த பிள்ளைய எடுத்துக் குடுக்கவா பாக்குறீங்க? அவன் இல்லாம நான் சோறு திம்பேனா?"

"அதுவும் சரிதான்"னாரு ராஜா.

"அப்பச் சாமியே சொல்லட்டும்"னு எந்திரிச்சா அன்னக்காமு. "வர்ற பௌர்ணமி காலையில கொம்பன்மலைக் கோயில்ல துலாபாரம் வெப்போம். தராசுல ஒரு தட்டுல நான் கொண்டுவர்ற வெல்லப்பானை, மறு தட்டுல பிள்ள. பிள்ளத் தட்டு தாழ்ந்தா அவ வெச்சுக்கட்டும். பானைத் தட்டு தாழ்ந்தா நான் தூக்கிட்டுப் போறேன்."

"ரொம்பச் சரி"ன்னுட்டாரு ராஜா! அவ கொண்டு வர்ற பானை எம்புட்டுப் பெருசுன்னு கேக்க வேணாமா அந்த மனுசன்? அது ரெண்டு ஆளு கம்பு கட்டித் தூக்குற பானை. அந்தத் தட்டுக்கு எதுத்தாப்புல எந்த ஊருப் பிள்ள தாழும்?

மறுநா காலையில பூரணம் கெணத்துல தண்ணி எடுத்துட்டு வாரா. ஒரு இடுப்புல கொடம், இன்னொரு இடுப்புல சோணமுத்து. நடக்க நடக்க பிள்ள இருந்த பக்கத்து இடுப்பு விண்ணு விண்ணுன்னு வலிக்குது. கொடம் இருந்த பக்கம்கூட அப்பிடி வலிக்கல. அப்பிடியே நடு வழியில நின்னா. ஆஹா! மூணு மாசமா மதினி வந்தாங்களே, பாத்தாங்களே, பேசுனாங்களே, ஒரு தடவையாவது இவனக் கையில வாங்கித் தூக்குனாங்களா? அப்பிடின்னு நெனச்சதும் அவளுக்கு வந்துச்சு பாரு சிரிப்பு, கொடத்துத் தண்ணி தளும்பித் தளும்பிப் பாதிக் கொடம்தான் வீடு வந்து சேந்துச்சு.

பௌர்ணமி வந்துச்சு. ஏழு ஊருச் சனமும் மலையடிவாரத்துல கூடிருச்சு. மேளம் ஒரு பக்கம், கொலவச் சத்தம் ஒரு பக்கம்! அன்னக்காமு பட்டுச்சேல சரசரக்க, காது நெறைய நக தொங்க வந்து எறங்குனா. பூரணம் நேரா ராஜாகிட்டப் போயி எல்லாரும் கேக்குற மாதிரிச் சொன்னா. "மதினி சொன்ன துலாபாரத்துக்கு நான் வாரேன். ஆனா கோயிலுக்கு ஏறுற முந்நூறு படியும் பிள்ளைய அவன் அத்தைதான் தூக்கிட்டு ஏறணும். கீழ எறக்கக் கூடாது, வேற ஆளு கைக்கு மாத்தக் கூடாது. போற வழியில கனக்குதுன்னு அவங்க வாயாலயே சொல்லிட்டா, அப்புறம் தராசே வேணாம், பிள்ள எங்கிட்டத்தான்."

"சரிதான்"னாரு ராஜா.

அன்னக்காமு வாய்விட்டுச் சிரிச்சா. "இம்புட்டுத்தானா? இந்த எலிக்குஞ்ச ரெண்டு வெரல்ல தூக்கிட்டுப் போவேன்டி! குடு இங்க!"ன்னு பிள்ளைய வாங்கி இடுப்புல வெச்சுக்கிட்டு விறுவிறுன்னு ஏறுனா.

நூறு படி ஆச்சு. வலது இடுப்புல இருந்த பிள்ளைய இடது இடுப்புக்கு மாத்துனா. சோணமுத்துக்கு ஒரே குஷி! அத்தை காதுல தொங்குறதப் பிடிச்சு ஊஞ்சலாட்டுறான். பின்னாலயே வந்த பூரணம் கேட்டா, "மதினி, கனக்குதா?"

"கனமா? எங்க இருக்கு கனம்? வெறும் பஞ்சு!"

இருநூறு படி ஆச்சு. மூச்சு வாங்குது, வேர்த்துக் கொட்டுது, கொண்ட அவுந்து தொங்குது. இடது இடுப்புல இருந்து தோளுக்கு, தோள்ல இருந்து வயித்து மேலன்னு மாத்தி மாத்தி வெக்கிறா. பிள்ள சும்மாவா இருக்கும்? நெளியுது, எக்குது, குதிக்குது, கையத் தட்டுது. தட்டுன கையோட பட்டுச்சேல பூரா ஒண்ணுக்கும் போயிருச்சு! பூரணம் கேட்டா, "மதினி, கனக்குதா?"

"க... கனமா? ஒ... ஒண்ணுமில்ல!"

அய்யோ, அன்னைக்கு அந்தப் படியில நின்னு பாக்கணுமே! சனம் பூரா வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. அவளும் விடுவேனாங்குறா, பல்லக் கடிச்சுக்கிட்டு ஏறுறா. இன்னும் அம்பது படி, இன்னும் முப்பது படி, இன்னும் பத்துப் படி. ஏறிருவாங்க போலருக்கே, பிள்ள போயிருமோன்னு பூரணம் மதினிய ஒட்டிக்கிட்டே ஏறுறா. இன்னும் மூணே மூணு படி இருக்கையில சோணமுத்துக்கு விளையாண்டது போதும்னு ஆயி, கண்ணு சொக்கி, அத்தை மேலயே தூங்கிப் போயிட்டான். தூங்குற பிள்ளையத் தூக்கியிருக்கீங்களா? உங்க தம்பியத் தூக்கிப் பாருங்க, தெரியும். முழிச்சிருக்கையில ஒரு கனம்னா தூங்கையில மூணு கனம்!

அன்னக்காமுவுக்குக் கண்ணு இருண்டுச்சு, காலு பின்னுச்சு. "மதினி, கனக்குதா?"ன்னு பூரணம் கேட்டு முடிக்கல.

"அய்யோ அம்மா, பாறாங்கல்லாட்டம் கனக்குதேடி! என் இடுப்பு ஒடியுதே! என்னத்தடி போட்டு வளத்த இவன? வாங்கித் தொலையேன்!"

ஏழு ஊரும் கேட்டுச்சு. போட்டாங்க பாரு கொலவ, மலையே அதிர்ந்துச்சு! பூரணம் ஒரே எட்டுல பிள்ளைய வாரிக்கிட்டா. மோந்து மோந்து பாத்தா, அழுதா, சிரிச்சா. எம்பிள்ளடா, எம்பிள்ளடான்னா.

இதோட விட்டாங்களா? மேல போனா பூசாரி தராசக் கட்டி வெச்சுக்கிட்டு நிக்கிறாரு. "சாமிக்குன்னு கட்டுன தராசு வெறுமனே எறங்கக் கூடாது. ஏத்தணும்னு சொன்ன அம்மாவே ஏறி உக்காரட்டும்"னு சொல்லிட்டாரு. அன்னக்காமு மொறச்சா, மாட்டேன்னா, சாமி முன்னால வேற வழியில்லாம தட்டுல ஏறி உக்காந்தா. மறு தட்டுல அவ கொண்டாந்த பானைய ஏத்துனாங்க. அவ தட்டு தரையவிட்டு அசையல. சனத்துக்கு வாய் கட்டுக்கு நிக்குமா?

"ஒரு பானை போதாதுப்பா!"

"இன்னொண்ணக் கொண்டாங்க!"

"அந்தம்மா வண்டியையே ஏத்துங்க!"

அன்னக்காமு முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டா. தோளு ரெண்டும் குலுங்குச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, பூரணம் மட்டும் சிரிக்கல. பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு முன்னால வந்து சத்தம் போட்டா. "போதும், எறக்கி விடுங்க. ஒருத்தங்க ஒடம்ப ஊரு கூடி நின்னு பேசுனா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்"னா. உடனே பானைய எறக்குனாங்க. மதினிக்கு அவளே கையக் குடுத்து எந்திரிக்க வெச்சா. வெல்லத்த ஒடச்சு ஏழு ஊருப் பிள்ளைங்களுக்கும் குடுத்தாங்க, சோணமுத்து முழிச்சு ஒரு கட்டியப் பிடுங்கிக்கிட்டு, தர மாட்டேன்னுட்டான்.

அப்புறம் ராஜா பக்கம் திரும்புனா பூரணம். "இனிமே இந்த வீட்டுல கடைசியாப் பேசுறது நானாத்தான் இருக்கும்"னா. ராஜா என்ன சொல்லியிருப்பாருன்னு நான் வேற சொல்லணுமா?

அன்னக்காமு வராம இல்ல, மாசாமாசம் வந்தா. ஆனா கால் கழுவுன கையோட முதல்ல பிள்ளைய வாங்கி இடுப்புல வெச்சுக்குவாளாம். வெச்சுக்கிட்டு வீட்ட ரெண்டு சுத்துச் சுத்துவாளாம். அதுக்கப்புறம் கொற சொல்ல மூச்சு இருந்தாத்தானே!

நீங்களும் யாரு வீட்டுக்காவது பிள்ளையப் பாக்கப் போனா மொதல்ல கைய நீட்டித் தூக்குங்க, வாய அப்புறமாத் தொறங்க. அவங்க மலை எறங்கி வீட்டுக்குப் போயிட்டாங்க, கதையும் அவங்க பின்னாலயே போயிருச்சு. நீங்க கண்ண மூடுங்க.