கோபியின் கோடு

கரட்டூர் தொடக்கப் பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். பெரிய டீச்சருக்கு வயது முப்பத்தாறு. சின்ன டீச்சருக்கு ஐம்பது. பிள்ளைகளுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. யார் முதலில் வந்தாரோ அவர் பெரியவர்.

பெரிய டீச்சர் ரெஜினா படிப்பு முடித்த கையோடு இங்கே வந்தவர். சின்ன டீச்சர் விசாலாட்சி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்து காத்திருந்து, தலை நரைத்த பிறகு உத்தரவு வாங்கி இந்த ஜூனில்தான் வந்து சேர்ந்தார். படித்ததெல்லாம் மறந்துபோயிருந்தது. அதனால் எதையும் ரெஜினாவிடம் கேட்டுக்கொள்வார். பிள்ளைகள் முன்னால் ரெஜினா அவரை டீச்சர் என்பார். யாரும் இல்லாதபோது அக்கா என்பார். எப்படிக் கூப்பிட்டாலும், கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் மட்டும் சொல்ல மாட்டார்.

பள்ளிக்கு ஒரே அறைதான். ஐந்து வகுப்பும் அதற்குள் பாய் விரித்து உட்காரும். ஜன்னலுக்கு வெளியே கல்குவாரி. வெட்டி முடித்து விட்டுப்போன பள்ளத்தில் பச்சையாகத் தண்ணீர் நிற்கும். கல் உடைக்கும் கிரஷர் ஓடினால் பிள்ளைகளின் தலையெல்லாம் மாவு கொட்டியது போலாகிவிடும்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் இருந்தது. எதையும் யார் போட்டாரோ அவர்தான் அழிக்க வேண்டும். சுவரின் அடிப்பாகத்தில் கறுப்புப் பூசி, கட்டம் பிரித்து, ஆளுக்கொரு கட்டம் கொடுத்திருந்தார்கள். ஒருவர் கட்டத்தில் அடுத்தவரின் அழிக்கும் துணி படக் கூடாது. குறுக்கே கட்டியிருந்த கம்பிகளில் பிள்ளைகள் வரைந்த படங்கள் துணி கிளிப்பில் தொங்கின. மாட்டியவரே கழற்றிக்கொள்ள வேண்டும். ஸ்டூல் போட்டு ஏறக் கூடாது. ஒரு முறை ஏறி விழுந்து கை ஒடிந்த கதை உண்டு.

கதவோரச் சுவர் உயரம் அளக்க. மாதத்தின் முதல் திங்கட்கிழமை பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சுவரை ஒட்டி நிற்பார்கள். டீச்சர் தலைமேல் ஸ்கேலை வைத்துப் பிடித்துக்கொள்வார். பிள்ளை குனிந்து வெளியே வந்து, தன் கையாலேயே கிரேயானில் கோடு போட்டு, பக்கத்தில் பெயரின் முதல் எழுத்தை எழுத வேண்டும். ஐந்தாவது முடித்துப் போகும் நாளில் அவரவர் கோட்டை அவரவர் துடைத்துவிட்டுப் போவார்கள்.

ஆகஸ்டில் அளக்கும் வேலையை விசாலாட்சி பார்த்தார்.

"முழங்காலை மடக்காம நில்லுடா."

மூன்றாம் வகுப்பு மோனிஷ் நிமிர்ந்தான். ஸ்கேல் தலையைத் தொட்டதும் மறுபடி தாழ்ந்தான்.

"அவன் எப்பவும் அப்படித்தான் டீச்சர்" என்றாள் வரிசையில் நின்ற பவதாரணி. "போன மாசத்தை விடக் குட்டையாயிட்டான். தேஞ்ச சாக்பீஸ்."

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"சோத்தை நாய்க்குக் கொட்டிடறான். முட்டையை தர்ஷனுக்குக் குடுத்துடறான்" என்றாள் பவதாரணி மறுபடியும்.

"நானா கேக்கல" என்றான் தர்ஷன். "அவனாத்தான் குடுத்தான்."

விசாலாட்சி மோனிஷைப் பார்த்தார். சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து நுழையும் போலிருந்தது. அவன் தலைக்கு மேலே, இரண்டு விரல் உயரத்தில், பச்சைக் கோடு ஒன்று. பக்கத்தில் 'கோ' என்று எழுதியிருந்தது. வகுப்பில் 'கோ'வில் தொடங்கும் பெயர் யாருக்கும் இல்லை.

இடைவேளையில் அவனைத் தனியாக அழைத்தார்.

"அது யார் கோடு?"

"எங்கண்ணன் கோபி."

"எந்த ஸ்கூல்ல படிக்கிறான்?"

மோனிஷ் ஜன்னலைப் பார்த்தான். அவன் பார்த்த திசையில் பச்சைத் தண்ணீர் தெரிந்தது. விசாலாட்சிக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நீ ஏன் சாப்பிட மாட்டேங்கிற?"

"சாப்பிட்டா வளந்துருவேன்."

"வளந்தா நல்லதுதானே?"

"கோபியைத் தாண்டிருவேன் டீச்சர். தாண்டிட்டா நான்தான் பெரியவன். அவன் தம்பியாயிருவான்."

சொல்லிவிட்டு, பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பித்து முடித்தவனைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் விசாலாட்சி ரெஜினாவிடம் கேட்டார். "இதுக்கு என்ன சொல்லிக் குடுக்கிறது டீச்சர்?"

ரெஜினா பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "நீங்க என்ன சொல்லலாம்னு இருக்கீங்க அக்கா?"

விசாலாட்சி இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததை மறுநாள் மோனிஷிடம் சொன்னார்.

"எம் மகன் என்னை விட உசரம் தெரியுமா? ஒரு முழம் உசரம். அதுக்காக நான் அவனுக்கு அம்மா இல்லேன்னு ஆயிருமா?"

மோனிஷ் நேர்மையாக யோசித்தான்.

"நீங்க இருக்கீங்கல்ல டீச்சர்" என்றான்.

விசாலாட்சி அங்கிருந்து நகர்ந்தார். ரெஜினாவிடம் போய் நடந்ததைச் சொல்லி, "என்னை மடக்கிட்டான்" என்றார்.

"சரியாத்தானே சொல்லியிருக்கான்" என்றார் ரெஜினா.

"கோடு கண்ணுல படப் படத்தான் இந்த நினைப்பு. அழிச்சிட்டா மறந்துருவான் டீச்சர். சின்னப் பிள்ளைதானே."

"இங்க சட்டம் என்னன்னு உங்களுக்குத் தெரியும்."

"போட்டவன் இல்லையே."

ரெஜினா பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று விசாலாட்சி எடுத்துக்கொண்டார். பள்ளி விட்டதும், சில பிள்ளைகள் இன்னும் வாசலில் நிற்கும்போதே, துணியை நனைத்துக் கோட்டைத் துடைத்தார். கிரேயான் எளிதில் போகவில்லை. அழுத்தித் தேய்த்தார். போனது.

மறுநாள் காலை மோனிஷ் பையைக் கழற்றாமல் சுவருக்கு முன்னால் நின்றான். அழவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. கால்சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு கல்சில்லை எடுத்தான். இந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளின் பையிலும் அது கிடக்கும். நேராக நின்று, தலைக்கு மேல் இரண்டு விரலை வைத்து, அந்த இடத்தில் கீறத் தொடங்கினான். காரை உதிர்ந்து அவன் கண்ணிமையில் விழுந்தது. கீறிக்கொண்டே இருந்தான். கடைசியில் அங்கே ஒரு குழி விழுந்த கோடு இருந்தது. இனி எந்தத் துணியாலும் அதைத் துடைக்க முடியாது.

அன்றிலிருந்து அவன் நாய்க்குக் கொட்டுவதற்குக்கூடத் தட்டை நீட்டவில்லை.

அந்த வாரமே ஒரு நாள், காலை வணக்கத்தில் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தபோது, வரிசையில் அவன் இருந்த இடம் காலியானது. கீழே கிடந்தான். எடை இருக்கும் என்று நினைத்துப் பலமாகத் தூக்கிய விசாலாட்சியின் கை தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

அவன் அம்மா கிரஷரிலிருந்து ஓடி வந்தாள். புருவத்தில், கன்னத்தில் எல்லாம் வெள்ளைத் தூசு. பேச வாயைத் திறந்தபோதுதான் அங்கே ஒரு முகம் இருப்பது தெரிந்தது.

"ஒண்ணைத் தண்ணிக்குக் குடுத்தேனுங்க. இதை வீட்டுக்குள்ளாற வெச்சுப் பாத்துக்கிட்டே குடுக்கோணுங்களா?"

ரெஜினா தண்ணீர் கொடுத்தார்.

"அடிச்சாவது ஊட்டுங்க டீச்சரம்மா. நானும் அடிச்சுப் பாத்துட்டேன். வாயில வெச்சுக்கிறான், முழுங்க மாட்டேங்கிறான்."

நர்ஸ் வந்து குளுக்கோஸ் ஏற்ற அழைத்துப்போன பிறகு, அறையில் யாரும் இல்லாதபோது விசாலாட்சி சொன்னார்:

"நான் அழிச்சதுதான் தப்பு."

"ஆமாக்கா" என்றார் ரெஜினா. ஆறுதலாக வேறெதையும் சேர்க்கவில்லை.

"இப்ப என்ன செய்யறது?"

ரெஜினா அண்ணாந்து பார்த்தார். ஜன்னலோரக் கம்பியின் கடைசியில் ஒரு தாள் தொங்கியது. வெயிலில் பழுத்து ஓரம் சுருண்டிருந்தது. டிப்பர் லாரிப் படம். சக்கரங்கள் தேவைக்கு மேல் இருந்தன. விசாலாட்சி அதைத் தினமும் பார்த்திருக்கிறார். ஏன் இதை மட்டும் யாரும் கழற்றவில்லை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மோனிஷ் திரும்பி வந்த அன்று ரெஜினா அவனைக் கூப்பிட்டார். சோற்றைப் பற்றிக் கேட்கவில்லை.

"கோபி வரைஞ்ச படம் ஒண்ணு அங்க தொங்குது. உங்கம்மாகிட்ட கொண்டுபோய்க் குடு."

மோனிஷ் போனான். எக்கிப் பார்த்தான். விரல் நுனிக்கும் தாளுக்கும் நடுவே காற்று மட்டும் இருந்தது. குதிக்கப் போனான்.

"குதிச்சு இழுத்தா கிழிஞ்சிரும்" என்றார் ரெஜினா. "வெயில்ல காஞ்ச தாள்."

அவன் குதிக்கவில்லை.

"நான் தூக்கிவிடட்டாடா?" என்றான் தர்ஷன். முட்டைகளுக்குக் கைம்மாறாக ஏதாவது செய்ய வேண்டும் என்று அவனுக்கு இருந்திருக்கும்.

"வேண்டாம்."

விசாலாட்சிக்குப் பொறுக்கவில்லை. அவர் நல்ல உயரம். பக்கத்தில் போய்க் கையை உயர்த்தினார். கிளிப் விரலில் பட்டது.

"நீங்க எடுக்காதீங்க டீச்சர்" என்றான் மோனிஷ். "நீங்கதான் கோட்டையும் அழிச்சீங்க."

விசாலாட்சி கையை இறக்கினார். இறக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

மோனிஷ் ரெஜினாவிடம் திரும்பினான். "கோபி எப்படி மாட்டினான்?"

"எக்கி நின்னு மாட்டினான்."

"நானும் எக்கித்தான் நின்னேன்."

"ஆமா, பார்த்தேன்."

"அவனுக்கு எட்டிச்சா?"

"எட்டிச்சு."

ரெஜினா இரண்டாம் வகுப்புப் பாய்க்குப் போய்க் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். மோனிஷ் கம்பியின் கீழேயே நின்றான். வெகு நேரம் நின்றான். ஜன்னல் வழியே காற்று வந்தபோது லாரி ஒரு முறை திரும்பிப் பின்பக்கத்தைக் காட்டிவிட்டு மறுபடி முன்பக்கத்தைக் காட்டியது.

மதிய மணி அடித்தது. அவன் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றான். சமையல் அம்மா கரண்டியை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார், பிறகு போட்டார். வழக்கமாக உட்காரும் இடத்தில் அவன் உட்காரவில்லை. கதவோரச் சுவருக்கு முதுகைக் காட்டி, மூலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். முட்டையைக் கையில் வெகு நேரம் வைத்திருந்தான். பிறகு கடித்தான். திருடித் தின்கிறவன் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டு, கண்ணீர் வழிய வழிய முழுவதையும் தின்றான்.

தினமும் அப்படித்தான் தின்றான். தின்று முடித்ததும் கை கழுவிவிட்டுக் கம்பியின் கீழே வந்து நின்று எக்குவான். எட்டாது. போய்விடுவான். பவதாரணிகூட எதுவும் சொல்வதில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. குவாரிப் பள்ளத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. காரணம் சொல்லாமல், ஜன்னல் பக்கத்துப் பாய்களை ரெஜினா உள்ளே தள்ளிப் போட்டார். டிப்பர் லாரி நனையாமலிருக்க ஜன்னலின் ஒரு கதவை மட்டும் சாத்தி வைத்தார்.

ஒரு நாள் சாயங்காலம், மழை விடட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். மோனிஷின் விரல் நுனி அன்று தாளின் ஓரத்தை அசைத்ததை விசாலாட்சி பார்த்திருந்தார். அவன் கழுத்து சட்டைக்குச் சரியாக வந்திருந்ததையும் பார்த்திருந்தார். இருந்தும் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

"கேக்கலாமா டீச்சர்?"

"கேளுங்கக்கா."

"அவனுக்கு அது எட்டுற அன்னைக்கு அவன் கோபி உசரத்துக்கு வந்திருப்பான்."

"வந்திருப்பான்."

"தாண்டியும் போவான்."

"போவான்."

"அப்ப இது அந்தப் பிள்ளையை ஏமாத்துறதுதானே? எதுக்குப் பயந்து பட்டினி கிடந்தானோ, அதுக்குள்ளேயே கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் விடுறோம்."

ரெஜினா கதவோரச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மங்கிய வெளிச்சத்தில் கிரேயான் கோடுகள் எதுவும் தெரியவில்லை. கல்சில்லால் கீறியது மட்டும் தெரிந்தது.

"அவனுக்குத் தெரியாதுன்னு நினைக்கிறீங்களா? முதல் நாள் முட்டையைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தானே, அப்பவே தெரியும்."

விசாலாட்சி டிப்பர் லாரியை அண்ணாந்து பார்த்தார்.

"தெரிஞ்சும் திங்கிறானே" என்றார். பிறகு, "ஒண்ணாந்தேதிக்கு மேல திங்கக்கிழமை வருது. நான்தான் அளக்கணும். சுவத்தோட நிக்க வெச்சா, அந்தக் கோட்டை அவன் தலை மறைச்சிரும். எல்லாப் பிள்ளைங்களும் பாக்கும். அன்னைக்கு அவன்கிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்லாதீங்கக்கா. முழங்காலை மடக்குவான், மடக்கட்டும். நீங்க ஸ்கேலைப் பிடிச்சுக்குங்க. கோடு போடுறது அவன் வேலை."