எப்சிபா கண் மூடும் நேரம்

"டீச்சர், நான் கண்ண மூடணுமா, திறக்கணுமா?" என்று கேட்டாள் எப்சிபா.

லோகா டீச்சர் அப்போது ஒரு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எப்சிபாவின் மூக்கை அல்ல. ஐந்து வயதுக்காரி ஒருத்தியின் மூக்கை.

"எந்தக் கண்ணு?"

"ரெண்டையுந்தான் டீச்சர்."

"சரி, ஓடு. போய் விளையாடு," என்றார் லோகா டீச்சர்.

மூக்கு ஓடியது. எப்சிபா நின்றாள்.

எப்சிபாவுக்கு ஊர் நாசரேத். பைபிளில் வருகிற நாசரேத் அல்ல, தூத்துக்குடி ஜில்லாவில் இருக்கிற நாசரேத். மழலையர் கல்வி படித்துக்கொண்டிருந்தாள். கடைசி ஆண்டில் பன்னிரண்டு வாரம் வெளிநாட்டில் கற்பித்தல் பயிற்சி. கல்லூரி அவளை மலேசியாவில், ஈப்போவுக்கு வெளியே ஒரு சின்னப் பாலர் பள்ளிக்கு அனுப்பியிருந்தது. இருபத்தொரு பிள்ளைகள். ஒரே வகுப்பறை. ஒரே ஆசிரியை, லோகா டீச்சர்.

லோகா டீச்சருக்கு முப்பத்து நான்கு வயது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல மாட்டார். ஸ்டேப்லரை நீட்டுவார்.

ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று சபை ஐயர் எப்சிபாவின் தலையில் கைவைத்து, "அந்நிய தேசத்துல நீ சாட்சியா நிக்கணும் மகளே, சாட்சியா," என்று மைக் இல்லாமலே மைக் குரலில் ஜெபித்து அனுப்பினார். பெண்கள் சங்கத்தார் ஞாயிறு தவறாமல் போன் செய்வார்கள்.

"எத்தன பிள்ளைகிட்ட ஆண்டவரப் பத்திச் சொன்னட்டி?"

ஒரு பிள்ளையிடமும் சொல்லவில்லை. பள்ளியில் மதம் பேசக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். எப்சிபா கையெழுத்துப் போட்டால் போட்டதுதான்.

அவள் செய்தது ஒன்றே ஒன்று.

காலை பத்து மணிக்குப் பிள்ளைகள் பசியாறும் நேரம். எல்லாரும் டப்பாவை எடுத்து வைப்பார்கள். எப்சிபாவும் தன் டப்பாவை எடுத்து வைத்து, திறப்பதற்குமுன் கண்ணை மூடி மனதுக்குள் ஜெபிப்பாள். உதடு அசையாது. கடைசியில் மட்டும் ஒரு ஆமென் தொண்டையிலிருந்து கசியும்.

அதற்குத்தான் இப்போது வினை வந்திருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் வந்த குரல் பதிவு அது. லோகா டீச்சர் கைப்பேசியை மேசைமேல் வைத்து ஓடவிட்டிருந்தார்.

"வணக்கம் டீச்சர், தனுஷியாவோட அம்மா பேசுறேன். நான் சண்டைக்கு வரல. ஆனா என்னா டீச்சர் இது. ஒரு வாரமா இவ சாப்பாட்டு மேசையில கண்ண மூடுங்க, கண்ண மூடுங்கன்னு எல்லாரையும் படுத்துறா. அவங்க தாத்தாவையே மூட வச்சிட்டா, அவரு அப்படியே தூங்கிட்டாரு. யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டா எப்சி டீச்சர்ங்கிறா. எங்க பிள்ளைக்கு எங்க சாமிய நாங்க சொல்லிக் குடுத்துக்குவோம் டீச்சர். கண்ணத் தொறந்தா பொரிச்ச மீன்ல ரெண்டு துண்டு காணோம், அது வேற கத. வியாழக்கிழமை நேர்ல வர்றேன். எழுத்துல குடுக்கப் போறேன். சரிங்களா. நன்றி டீச்சர்."

எழுத்தில் ஒரு புகார் வந்தால் பயிற்சி ரத்து. எப்சிபா ஊருக்குத் திரும்ப வேண்டும். ஒரு வருஷத்தை மறுபடி படிக்க வேண்டும்.

கண்ணை மூடாமல் இருந்துவிட்டால் புகாருக்கே வேலை இல்லை. ஆனால் பயந்துபோய்க் கண்ணைத் திறந்தவள் என்று ஆகிவிடும். வேறு யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

"அதான் கேக்கேன் டீச்சர். மூடவா, திறக்கவா?"

லோகா டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கண்ணு திறந்திருந்தா உங்க சாமிக்குக் கேக்காதா?"

"கேக்கும்."

"அப்ப நாளைக்குத் திறந்தே வச்சிரு. என்னா தெரியுதுன்னு வந்து சொல்லு."

செவ்வாய்க்கிழமை.

பத்து மணி. இருபத்தொரு டப்பா மேசைக்கு வந்தது. லோகா டீச்சர் வழக்கம்போல வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலகையைத் துடைக்கப் போனார்.

எப்சிபா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஜெபித்தாள்.

இருபத்தொரு பேரும் அவளையே பார்த்தார்கள். ஒருவரும் மூடியைத் திறக்கவில்லை.

"டீச்சர், கண்ணு," என்றாள் தனுஷியா.

"என்ன கண்ணு?"

"மூடல."

"இன்னிக்கு மூடாமலே கும்பிட்டுட்டேன். நீங்க சாப்பிடுங்க."

"அப்படிலாம் கும்பிடக் கூடாது டீச்சர்," என்றான் முகிலேஸ். ஐந்து வயதில் அவனுக்கு ஒரு பெரிய மனுசக் குரலும், அந்த ஊர்ப் பேச்சின் 'லா'வும் உண்டு. "சாமிக்குக் கோவம் வரும் லா."

"சும்மா ஒரு வாட்டி மூடுங்க டீச்சர்," என்றாள் தனுஷியா. "சீக்கிரம் தொறந்துடலாம்."

"சாப்பிடுங்கன்னு சொன்னேன்."

சாப்பிட்டார்கள். சாவு வீட்டில் சாப்பிடுகிற மாதிரி, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே.

பதினொன்றரைக்குப் பாட்டு நேரத்தில் கவிஷா என்ற பிள்ளை பாயில் சுருண்டு படுத்துக்கொண்டாள். எழுப்பினால் அழுதாள். ஏன் என்று கேட்டால் இன்னும் அழுதாள்.

"என்னா தெரிஞ்சுது?" என்றார் லோகா டீச்சர்.

"ஒண்ணும் தெரியல டீச்சர். எல்லாரும் என்னத்தான் பார்த்தாங்க."

"அப்ப ரொம்பத் திறந்துட்ட. நாளைக்குப் பாதி."

"பாதின்னா?"

லோகா டீச்சர் ஸ்டேப்லரை நீட்டினார்.

புதன்கிழமை.

எப்சிபா கண்ணை மூடினாள். இமைக்கு அடியில் நூல் அளவு இடைவெளி விட்டு மூடினாள். சின்ன வயதில் நாசரேத்துக் கோயிலில் நீண்ட ஜெபங்களின்போது பழகிய வித்தை அது. கை மறக்கவில்லை, சாரி, கண் மறக்கவில்லை.

முகிலேஸ் எழுந்து நின்றான். அவள் முகத்தைப் பார்த்தபடி ஒரு கையைப் போக்குவரத்துப் போலீஸ் மாதிரி உயர்த்தினான்.

இருபது மூடிகள் சத்தமில்லாமல் திறந்தன.

ஒரு நகெட் புறப்பட்டது. கைமாறிக் கைமாறி மேசை ஓரமாகப் போனது. பின்னால் அரைத் தோசை. அதன்பின் ஒரு கரண்டி மீகூன் சேமியா, பாதி வழியில் கொட்டி, பொறுக்கி, மறுபடி புறப்பட்டது. தனுஷியா சட்டைப்பையிலிருந்து ஒரு டிஷ்யூ பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். பொரித்த மீன், இரண்டு துண்டு.

எல்லாம் மேசையின் கடைசிக்குப் போனது. அங்கே கவிஷாவின் டப்பா இருந்தது. அதன் மூடி இரண்டு விரல் அளவு உயர்ந்தது. உள்ளே காலியாக இருந்தது. ஒவ்வொன்றும் உள்ளே விழுந்தது. போட்ட பிள்ளை எதுவும் கவிஷாவைப் பார்க்கவில்லை. கவிஷாவும் யாரையும் பார்க்கவில்லை.

மூடி மூடிக்கொண்டது.

முகிலேஸ் கையை இறக்கினான். எப்சிபா இன்னும் ஆமென் சொல்லவில்லை என்பதைக் கவனித்து, அவனே தொண்டையைக் கனைத்து, "ஆமென்," என்றான். எப்சிபாவின் குரலேதான். அந்தக் கசிவு உட்பட.

அவள் கண்ணைத் திறந்தாள்.

இருபது பிள்ளைகள் அமைதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கவிஷா இப்போதுதான் தன் டப்பாவைத் திறந்தாள். "எங்கம்மா இன்னிக்கு மீன் வச்சிருக்காங்க," என்று யாரிடமோ சொன்னாள்.

எப்சிபா தன் இட்லி டப்பாவை மூடி வைத்தாள்.

அவளுக்கு நேர் எதிரே, சுவரில் அந்த அட்டை தொங்கியது. *அவரவர் உணவு அவரவருக்கே.* போன வருஷம் ஒரு சைவ வீட்டுப் பிள்ளை இன்னொருவனின் சோசேஜைத் தின்றுவிட, இரண்டு அம்மாக்கள் வாட்சப்பில் மூன்று நாள் சண்டை போட்டதன் பலன் அந்த அட்டை. எப்சிபா வந்த முதல் வாரத்தில் கவிஷாவின் டப்பாவில் யாரோ போட்ட மீன் உருண்டையைக் கண்டுபிடித்தாள். கிடுக்கியால் எடுத்து உரியவனிடம் திருப்பிக் கொடுத்தாள். அட்டையை வாசித்துக் காட்டினாள். பயிற்சிக் குறிப்பேட்டில் "ஒழுங்கு நிலைநாட்டப்பட்டது" என்று எழுதிக் கோடும் போட்டாள்.

அவள் நேராக லோகா டீச்சரிடம் போனாள்.

"உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"என்னாது?"

"கவிஷா டப்பா."

"நான் பலகை துடைக்கிறேன்," என்றார் லோகா டீச்சர்.

பலகையில் ஓர் எழுத்தும் இல்லை. எப்சிபா யோசித்துப் பார்த்தாள். அவள் வந்த நாளிலிருந்து பத்து மணிக்கு அந்தப் பலகையில் எழுத்து இருந்ததே இல்லை.

"நாமளே ஏதாச்சும் குடுக்கலாமே டீச்சர்."

"குடுத்தேன். ரொட்டி. 'எனக்கு இருக்கு டீச்சர்'னு மூடின டப்பாவத் தூக்கிக் காட்டுச்சு." டஸ்டரைத் தட்டினார். "அவங்கம்மா கையுறை ஃபேக்டரியில விடியக்கால ஷிஃப்ட். அப்பாவுக்கு மூணு மாசமா வேல இல்ல. டப்பா மட்டும் தெனம் வந்துரும்."

"நேத்து அவ சாப்பிடல."

"இல்ல."

"என்னாலதான்."

லோகா டீச்சர் டஸ்டரைக் கீழே வைத்தார். ஸ்டேப்லரை நீட்டவில்லை.

"நாளைக்குத் தனுஷியா அம்மா வர்றாங்களே. நான் என்ன செய்யட்டும்?"

"நாளைக்கும் பத்து மணிக்குத்தான் பசியாறுவோம்," என்றார் லோகா டீச்சர்.

வியாழக்கிழமை.

தனுஷியாவின் அம்மா ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு வந்தார். தோளில் பெரிய கைப்பை. கையில் மடித்த தாள்.

"வாங்க, பசியாறிட்டுப் பேசலாம்," என்றார் லோகா டீச்சர்.

"இல்ல டீச்சர், நான் குடுத்துட்டுப் போயிடுறேன்."

"உக்காருங்க லா."

இருந்தது பிள்ளைகளின் நாற்காலிதான். அவர் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்தன. எப்சிபாவை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா?"

"ஆமாங்க."

"சின்னப் பிள்ளையா இருக்கீங்க," என்றார், அதுவும் ஒரு புகார் மாதிரி.

மணி அடித்தது. டப்பாக்கள் வந்தன. லோகா டீச்சர் பலகைக்குப் போனார்.

தனுஷியா தன் அம்மாவைப் பார்த்தாள். பிறகு எப்சிபாவைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் தலையை ஆட்டினாள். வேண்டாம் டீச்சர்.

முகிலேஸ் எழுந்து நிற்கவில்லை. மேசையின் கடைசியில் கவிஷா தன் டப்பாவின்மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள்.

தாள் அந்த அம்மாவின் மடியில் இருந்தது. பெயரும் தேதியும் எழுதி, மடித்து, தயாராக.

எப்சிபா கண்ணை மூடினாள்.

முழுதாக மூடினாள். இம்முறை நூல் அளவுகூட விடவில்லை.

எப்போதும் சொல்லும் ஜெபம் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. ஆண்டவரே, என்றாள் மனதுக்குள். ஆண்டவரே, அந்த மூடி.

ஒரு சத்தமும் இல்லை.

இன்னும் இல்லை.

பிறகு ஒரு மூடி திறந்தது. அடுத்தது இன்னொன்று. யாரோ கரண்டியைக் கீழே போட்டு, "ஷ்ஷ்," என்று தனக்கே சொல்லிக்கொண்டார்கள். டிஷ்யூ பிரியும் சரசரப்பு கேட்டது.

"தனு, அது நம்ம மீன்..." என்று அந்த அம்மாவின் குரல் தொடங்கியது.

நின்றது.

நாற்காலி கிரீச்சிட்டது. பலகையில் டஸ்டர் போய் வந்துகொண்டிருந்தது. அப்புறம் ஏதோ தாள் கசங்கியது. நீளமாக ஒரு ஜிப் திறந்தது, பெரிய பையின் ஜிப். உள்ளே பிஸ்கட் பொட்டலம் மாதிரி ஏதோ சலசலத்தது.

எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்து எப்சிபா ஆமென் சொல்ல வாயெடுத்தாள்.

"டீச்சர்." காதருகில் வந்தது அந்தக் குரல். குரல் பதிவில் கேட்ட அதே குரல், ஒலியைக் கடைசிவரை குறைத்து வைத்தது போல. "கொஞ்சம் இருங்க. இன்னும் தொறந்துடாதீங்க."

எப்சிபா முதலிலிருந்து ஜெபிக்க ஆரம்பித்தாள்.