கீப்பரின் கையெழுத்து

வார நாட்களில் செலினா டீச்சரிடம் ஓட்டம் கற்றுக்கொள்பவர்கள் பள்ளி மாணவிகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் திருநெல்வேலி டவுனில் இருக்கும் அவர் வீட்டுக்கு வருகிறவர்கள் வேறு. டீச்சரைவிட வயதில் மூத்த ஆண்கள். மிட்டாயோடு ஆட்டக்காரர் படம் போட்டு வந்த பழைய கிரிக்கெட் அட்டைகளைச் சேர்ப்பவர்கள். கையில் காசு இல்லாதவன் எப்படிச் சேர்ப்பது என்று கற்றுக்கொள்ள வருகிறார்கள்.

டீச்சரின் வழி எளிமையானது. மூலை மடங்கியது, குண்டூசி குத்தியது, பபிள்கம் ஒட்டிக் கறைபட்டது என்று பணக்காரர்கள் தொடாத அட்டைகளை வாங்க வேண்டும். கறையை நாமே எடுக்க வேண்டும். பிறகு பஸ் ஏறி, அதில் இருக்கும் ஆட்டக்காரரின் வீட்டைத் தேடிப்போய்க் கையெழுத்து வாங்க வேண்டும்.

அன்று கோமதிநாயகம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். ஓய்வு பெற்ற ஓவர்சீயர். எண்பதுகளில் ஒரு மிட்டாய்க் கம்பெனி மாநில அணிக்காகப் போட்ட பதினோரு அட்டைகளையும் பிடித்து, பத்தில் கையெழுத்தும் வாங்கிவிட்டவர். விக்கெட் கீப்பர் எட்வின் தேவநேசன் மட்டும் பாக்கி. அவர் இருப்பது பக்கத்தில், பாளையங்கோட்டையில்தான் என்று போன வாரம் தெரியவந்தது. முந்தின நாள் கோமதிநாயகம் அங்கே போயிருந்தார்.

அட்டையை மேசைமேல் போட்டார்.

"பாருங்க டீச்சர். இதைவிட அநியாயம் உண்டா?"

முன்பே வந்து உட்கார்ந்திருந்த பேட்டரிக் கடை சிக்கந்தர் எட்டிப் பார்த்தார். கீப்பரின் படத்துக்குக் குறுக்கே கருப்பு மையில் ஒரு கோடு ஏறி இறங்கி, நடுங்கி, ஓரத்தில் போய் நின்றது.

"என்ன சார்வாள், இ.சி.ஜி. எடுத்துட்டு வந்திருக்கீயளா?"

"வாய மூடும்வே."

"இதயம் கொஞ்சம் வீக்காத்தான் தெரியுது."

"டீச்சர், இவரைச் சும்மா இருக்கச் சொல்லுங்க. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. இந்த அட்டைக்கு எத்தனை மாசம் அலைஞ்சேன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க கறை எடுத்துக் கொடுத்தப்புறம் புதுசு மாதிரி இருந்துச்சு. மத்த பத்து பேரும் முத்து முத்தாப் போட்டிருக்காங்க. அதுங்க பக்கத்துல இதை வச்சா, பாக்கிறவன் 'பேரன் கிறுக்கினதா'ன்னு கேப்பான்."

டீச்சர் அட்டையைத் தொடவில்லை. "அவருக்கு உடம்புக்கு என்ன?" என்றார்.

"பக்கவாதமாம். வலது கை சரியா வரலை. அதை முதல்லயே சொல்லணுமா இல்லையா? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே. நான் பாட்டுக்குத் திரும்பியிருப்பேன். மனுஷன் சொல்லலையே."

"என்ன சொன்னார்?"

"உட்காருங்கன்னார். மகளைக் கூப்பிட்டு மேசையைத் துடைக்கச் சொன்னார். பழைய பேப்பர் ஒண்ணு கேட்டு வாங்கி, ஓரத்துல எழுதிப் பாக்க ஆரம்பிச்சார். எழுதுறார், எழுதுறார், பக்கம் பூரா எழுதுறார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது. அந்தப் பொண்ணு வேற, 'பேங்க்லயே கைநாட்டுத்தானேப்பா வைக்கிறீங்க, விடுங்க'ங்குது. கேட்டாத்தானே? 'வீடு தேடி வந்தவரு வெறுங்கையோட போகக் கூடாதும்மா'ங்கிறார்."

சிக்கந்தர் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

"அப்புறம்?"

"இடது கையால வலது கையைப் பிடிச்சுக்கிட்டு இதைப் போட்டார். போட்டு முடிச்சு, 'நல்லா வந்திருக்கா'ன்னு என் முகத்தையே பாக்குறார்."

"நீங்க?"

"வேற என்ன சொல்ல முடியும்? பிரமாதம்னேன்." கோமதிநாயகத்தின் குரல் உயர்ந்தது. "அட்டையும் போச்சு. என்னைப் பொய் சொல்ல வேற வச்சுட்டார்."

அவரே தொடர்ந்தார்.

"மதுரையில ஒருத்தர்கிட்ட இதே அட்டை இருக்கு. தேவநேசன் நல்லா இருந்த காலத்துல போட்ட கையெழுத்து. விலைக்கு வாங்க நமக்கு ஆகாது. ஆனா அவர் ஒரு மாதிரி ஆளு. கையெழுத்து அட்டையைக் கெடுத்திரும்னு நினைக்கிறவர். சுத்தமான அட்டை கொடுத்தா மாத்திக்கிறேங்கிறார்."

"சரி."

"இதை அழிக்கணும் டீச்சர். என்னோட மார்க்கர்ல போட்டதுதான். வழவழப்பான அட்டை. கறை எடுத்த உங்களுக்கு மை எடுக்கத் தெரியாதா?"

"தெரியும்."

"தடம் தெரியாம வருமா?"

"வரும்."

கோமதிநாயகம் அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

டீச்சர் அட்டையின் விளிம்புகளை இரண்டு விரல்களால் பிடித்து எடுத்தார். ஜன்னல் அருகே போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"டீச்சர்," என்றார் சிக்கந்தர் தாழ்ந்த குரலில். "அழிக்க வேண்டாம். எங்கிட்ட இருக்கிறதுல எதை வேணும்னாலும் சார்வாள் எடுத்துக்கட்டும். அதை எனக்குக் கொடுத்திரச் சொல்லுங்க."

"உம்ம கழிசல் அட்டை யாருக்கு வேணும்?" என்றார் கோமதிநாயகம். "எனக்கு வேண்டியது கீப்பர். அவர் இல்லாம பத்து அட்டையை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

"அது சாரோட அட்டை, சிக்கந்தர்," என்றார் டீச்சர். "சார் சொல்றதுதான்."

அலமாரியைத் திறந்தார். ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தார். பஞ்சு எடுத்தார். மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து மடித்தார். மூன்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டார். அட்டையை பிளாஸ்டிக் உறைக்குள் செருகி அதையும் பையில் வைத்தார். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"இங்கயே மேசையில வச்சு அழிக்கலாமே," என்றார் கோமதிநாயகம். "எங்க கிளம்பிட்டீங்க?"

"பாளையங்கோட்டைக்கு."

"அங்க எதுக்கு டீச்சர்?"

"அவர் எழுதும்போது நீங்க எதிர்ல இருந்தீங்க. நீங்க அழிக்கும்போது அவர் எதிர்ல இருக்கட்டும். வாங்க சார்."