சுவிட்சின் வாய் கருத்த கதை

செம்புக் கம்பியும் கரித்துண்டும் வாய்விட்டுப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், ஒரு மேட்டில் நாலு பேர் கைகோத்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வட்டமாகத்தான் உட்கார வேண்டும். ஓரிடத்தில் அறுந்தாலும் வேலை நடக்காது.

முதல் ஆள் கலம், அதாவது பேட்டரி. வயிறு நிறையப் புளித்தண்ணீர். கண்ணுக்குத் தெரியாத மின்துகள்களை வட்டத்தில் தள்ளிவிடுவது அதன் வேலை. அடுத்தவன் சுவிட்ச். அவன் வாயை மூடினால் வழி உண்டு, திறந்தால் வழி இல்லை. மூன்றாவது செம்பு, நீளமான நேரான கம்பி. கடைசியில் கரி. அந்தத் துகள் கூட்டம் அவளை இடித்து நெருக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அதில் அவளுக்குச் சூடேறும். எத்தனை பேர் போகலாம் என்பது அவள் கையில்.

சுவிட்ச் வாயை மூடினால் அந்த நொடியே மொத்தக் கூட்டமும் ஓடும். திறந்தால் அந்த நொடியே நிற்கும். நாள் முழுக்க மூடுவான், திறப்பான், மூடுவான், திறப்பான். காரணமெல்லாம் கிடையாது. அதிகாரம் இருந்தது, செய்தான்.

ஒருநாள் கரியின் இடுப்பில் மயிரிழை மாதிரி ஒரு விரிசலைச் செம்பு பார்த்தான்.

"என்னக்கா இது?"

"சூடு எனக்குப் பழக்கம்டா. ஆனா திடீர்னு வருது, திடீர்னு போகுது. அதுதான் பிளக்குது. இன்னும் ஒரு பத்து தடவை தாங்குவேன்."

"சுவிட்ச் அண்ணன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். கரிக்கு என்ன சொகுசு வேண்டிக்கெடக்குன்னு சிரிக்கிறான்."

செம்பும் போய்க் கேட்டான். "நீ கம்பி. கம்பியா இரு" என்றான் சுவிட்ச். சொல்லிவிட்டு வேண்டுமென்றே மூன்று தடவை மூடித் திறந்தான். விரிசல் கொஞ்சம் நீண்டது.

செம்பு அதற்குமேல் கேட்கவில்லை. பக்கத்தில் ஓர் இரும்பாணி கிடந்தது. அதன் மேல் தன் உடம்பைச் சுற்ற ஆரம்பித்தான்.

"டேய், கூசுதுடா" என்றது ஆணி.

"பொறுத்துக்கோ மாமா."

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே வாக்கைச் சொன்னான். திடீரென்று வர விடமாட்டேன், திடீரென்று போகவும் விடமாட்டேன். நூறு சுற்று. நூறு தடவை சொன்னான்.

கரி சொன்னாள்: "கூட்டத்தைக் குறைக்க உன்னால முடியாது, தெரியும்ல? கடைசில எத்தனை பேர்ங்கறது என்னையும் கலத்தையும் பொறுத்தது."

"தெரியும்க்கா. உனக்குக் கொஞ்சம் நேரம் மட்டும் வாங்கித் தரேன்."

மறுநாள் சுவிட்ச் வாயை மூடினான். கலம் தள்ளியது. செம்பு எதிர்த்துத் தள்ளினான். முதல் கணத்தில் ஒருவர்கூட நகரவில்லை. பிறகு மெல்ல மெல்ல நகர்ந்தார்கள். ஒரு மூச்சு விடும் நேரத்தில், போக வேண்டியவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைய. அடுத்த மூச்சில், மிச்சத்தில் அதே பங்கு. ஐந்தாறு மூச்சில் ஏறக்குறைய எல்லோரும். கரி நிதானமாகச் சூடேறினாள். விரிசல் அப்படியே இருந்தது.

ஓட்டம் சீரானதும் செம்பு எதிர்ப்பதை நிறுத்திவிட்டான். சும்மா கம்பி மாதிரிக் கிடந்தான். ஆனால் சும்மா இல்லை. சுற்றிலும் கிடந்த இரும்புத்தூள் எல்லாம் ஓடிவந்து ஆணியில் ஒட்டிக்கொண்டது. எதிர்த்தபோது கலத்திடம் வாங்கிய பலத்தையெல்லாம் அவன் அங்கேதான் காந்தமாகச் சேர்த்து வைத்திருந்தான்.

சுவிட்சுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எவனக் கேட்டுடா இழுத்தடிக்கிற?"

"அண்ணே, பட்டுனு வாயத் திறந்துராதீங்க. போய்க்கிட்டிருக்கிறவங்கள நடுவழில விடமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"உன் வாக்கு எனக்கெதுக்கு?" என்று சுவிட்ச் வாயைப் பிளந்தான்.

செம்புக்கு யோசிக்க நேரமில்லை. விட்டுவிட்டால் கூட்டம் அப்படியே நின்றுவிடும், கரி பிளந்துபோவாள். தள்ளினான். சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே தள்ளாகத் தள்ளினான். கலத்தால் ஒருநாளும் முடியாத தள்ளு அது. கூட்டம் சுவிட்சின் திறந்த வாய்க்குள் காற்றிலேயே தாவியது. நீலமாக ஒரு பொறி. படீர்!

"ஐயோ, வாய் வெந்துபோச்சே!"

ஆணியில் ஒட்டியிருந்த தூள் உதிர்ந்தது. கரி பதமாக ஆறினாள். விரிசல் மூடவில்லை, வளரவும் இல்லை. செம்புக்கு அது போதும்.

"உங்கள அடிக்கணும்னு இல்லண்ணே" என்றான். "வேற வழி இல்ல. நீங்கதான் வழில இருந்தீங்க."

கரி சுவிட்சைப் பார்த்தாள். "எனக்கும் அவனுக்கும் மட்டும் தனியா ஒரு குறுக்குவழி விடு. நீ வாயத் திறக்கறப்ப அவன் வச்சிருக்கறத நான் வாங்கிக்கிறேன். எனக்குச் சூடாத்தான் வரும், மெதுவா வரும். உன் வாய் தப்பிக்கும்."

நல்ல யோசனை. ஆனால் சொன்னது கரி. "போயும் போயும் உன்கிட்டயா யோசனை கேக்கணும்?" என்று வெந்த வாயோடு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்று முதல்தான் எந்தச் சுருளும், போட்டால் உடனே விடுவதில்லை, அணைத்தால் உடனே நிற்க விடுவதில்லை. குறுக்குவழி கொடுத்த இடங்களில் சுருள் சேர்த்து வைத்தது சத்தமில்லாமல் கரியிடம் போய் அடங்கிவிடுகிறது. கொடுக்காத இடங்களில் என்ன ஆகிறது என்று தெரிய வேண்டுமானால், மெயினை அணைத்துவிட்டு, உள்ளே சுருள் சுற்றிய ஃபேனின் பழைய சுவிட்ச் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். அவன் வாய் இன்னும் கருப்பாகத்தான் இருக்கிறது.