முள்ளில் மாட்டியது எனக்கு

“‘வரும்போதும் புரளுகிறீர்கள், போகும்போதும் புரளுகிறீர்கள், மிஞ்சியதை வைத்துக்கொண்டு என் குட்டிகளின் இருமலுக்கு நான் என்ன செய்வேன்?’ என்றா கேட்டாய்? எங்கே, இன்னொரு தடவை கேள்! ராகம் நன்றாக இருக்கிறது!”

நீர்நாய் கெஞ்சிச் சொன்னதை, ஒரு சொல் விடாமல் அதே இழுப்போடு திருப்பிச் சொல்லி, வயிறு குலுங்கச் சிரித்தார் முள்ளம்பன்றியார்.

சண்டை அங்கேயே இருக்கட்டும், எங்கும் ஓடிவிடாது. முதலில் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், குழந்தைகளே. இல்லாவிட்டால் பாதிக் கதையில் “யார் அது, எங்கே அது” என்று ஆரம்பிப்பீர்கள்.

கடலோரத்தில் ஒரு காட்டில், மரத்துக்கு மரம் மிளகுக்கொடி படர்ந்திருந்தது. வேறு எந்தக் காட்டிலும் அது முளைக்காது. அந்தக் கொடிகளைக் காத்துவந்தது ஒரு மலையணில். சரம் சரமாக மிளகைப் பறித்து, பாறையில் காயவைத்து, வாலை நிமிர்த்திக்கொண்டு நடக்கும். நடக்காதா பின்னே? ஊர் உலகமே தேடுகிற சரக்கு அதன் கொடியில் அல்லவா தொங்கியது!

காட்டுக்குப் பின்னால் வானத்தை முட்டும் மலை. மலைக்கு அந்தப் பக்கம் பனிக்கரை. அங்கே மிளகு கிடையாது. குளிர் மட்டும் வேண்டிய மட்டும் உண்டு. பனி இறங்கினால் நீர்நாயின் குட்டிகள் இரும ஆரம்பிக்கும். மிளகுக் கஷாயம் உள்ளே போனால்தான் நிற்கும். ஆகவே நீர்நாய் ஆப்பிள் பழங்களை மூட்டை கட்டிக்கொண்டு மலையேறி வரும். அணிலுக்கு ஆப்பிள் என்றால் உயிர்.

இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரே ஒரு மலையிடுக்கு. அதில்தான் நம் முள்ளம்பன்றியார் உட்கார்ந்திருந்தார்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யார் என்ன கொண்டுவந்தாலும் தட்டைப்பாறையில் பரப்ப வேண்டும். முள்ளம்பன்றியார் அதன்மேல் புரளுவார். முள்ளில் மாட்டியது அவருக்கு, மாட்டாமல் மிஞ்சியதுதான் மற்ற பக்கத்துக்குப் போகும். தன் முதுகு தனக்கு எட்டுமா? எட்டாது. ஆகவே மாட்டியதை ஒவ்வொன்றாகக் கழற்றி, அவருடைய குகையில் அடுக்கிவிட்டுப் போவதும் கொண்டுவந்தவர் வேலையே. பறிகொடுத்தவரே சுமக்கவும் வேண்டும். இது எந்த ஊர் நியாயமோ!

அவருடைய அப்பா காலத்தில் அது ஒரே ஒரு புரளல். அவர் பாதையில் விழும் கல்லைத் தள்ளுவார், பாம்பை விரட்டுவார். அதற்குக் கூலி என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. மகன் காலத்தில் கல் விழுந்த இடத்திலேயே கிடந்தது. புரளல் மட்டும் கூடிக்கொண்டே போயிற்று.

அது போதாது என்று பொய் வேறு. “பனிக்கரையில் இருப்பவர்கள் அணிலைத் தோலோடு தின்பார்கள். நான் நடுவில் இருக்கிறேனோ, நீ பிழைத்தாய்!” என்று அணிலிடம் சொல்லுவார். “மிளகுக்கொடியைச் சிறகு முளைத்த பாம்புகள் காக்கின்றன. உயிரைப் பணயம் வைத்து வாங்கித் தருகிறேன்!” என்று நீர்நாயிடம் சொல்லுவார். அணில் காலையில்தான் வந்து மிளகை வைத்துவிட்டு ஆப்பிளை எடுக்கலாம், நீர்நாய் மாலையில்தான் வந்து ஆப்பிளை வைத்துவிட்டு மிளகை எடுக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று கண்ணால் கண்டதில்லை.

இனி சண்டைக்கு வருவோம்.

“ஐயா, குறும்புக்குக் கேட்கவில்லை. கடைக்குட்டிக்கு மூச்சு இழுக்கிறது. இந்தச் சரங்களிலாவது புரளாமல் விடுங்கள்” என்றது நீர்நாய்.

“அம்மா தாயே, வழி யாருடையது?”

“உங்களுடையது.”

“வேறு வழி இருக்கிறதா?”

“இல்லை.”

“அப்புறம் என்ன வாய்?” என்று முள்ளம்பன்றியார் சரங்களின்மேல் விழுந்து புரண்டார். போதாதென்று இன்னொரு முறை. எழுந்து நின்றபோது முதுகெங்கும் ஆப்பிளும் மிளகுச் சரமுமாகக் கோயில் தேர்போல இருந்தார். பாறையில் மிஞ்சியது ஒரே ஒரு சரம்.

நீர்நாய் அந்த ஒற்றைச் சரத்தை எடுத்தது. எடுத்தபோது அதிலிருந்து ஏதோ உதிர்ந்தது. ஒரு சின்னச் சிப்பி.

நீர்நாய் சிப்பியை மோந்தது. நக்கிப் பார்த்தது. உப்பு!

“ஐயா, மிளகு மலைக்காட்டில் விளைகிறது என்றீர்களே, சரத்தில் கடற்சிப்பி எப்படி வந்தது?”

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தேர்போல நிற்கிறவருக்கு வாய் மூடுமா?

“அட அசடே! மிளகு காய்கிற பாறையை அலை வந்து நக்கிவிட்டுப் போகும். காடு கடலோரத்தில்தான் இருக்கிறது. இது எனக்குத் தெரியும். உனக்கு எப்படித் தெரியும்?”

“எங்கள் கரையிலும் கடல் இருக்கிறது, ஐயா. அதுவும் உப்புத்தான்.”

“இருக்கட்டுமே! உன் கடல் குளிர், அந்தக் கடல் சூடு. நடுவில் இந்த மலை கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த முனையைத் தாண்டினால் தண்ணீர் கொதிக்கும், வெந்து மிதப்பாய். வழி என்றால் காலடி படவேண்டும். தண்ணீரில் எவன் காலடி பட்டது? நான் உட்கார்ந்திருக்கும் இடம்தான் வழி!”

நீர்நாய் தன் கால்களைக் குனிந்து பார்த்தது. மலையேறி ஏறி உள்ளங்கால் வெடித்திருந்தது. விரல்களுக்கு நடுவில் சவ்வு கிழிந்திருந்தது. நீந்தப் பிறந்த கால்! எல்லாரும் நடந்தார்கள் என்று அதுவும் நடந்திருந்தது.

“சரி ஐயா. முதுகில் இருப்பதைக் கழற்றி வைக்கட்டுமா?”

“வேண்டாம்! இருக்கட்டும். நாலு பேர் பார்க்கட்டும். எதிர்த்துப் பேசினாயே, அடுத்தமுறை வரும்போது வந்து கழற்று.”

நீர்நாய் தலையாட்டியது. ஒற்றைச் சரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போயிற்று.

முள்ளம்பன்றியார் காத்திருந்தார். “எங்கே போவாள்? குட்டி இருமினால் ஓடி வருவாள்” என்றார். பனி வந்தது, போயிற்று. நீர்நாய் வரவில்லை. முதுகில் ஆப்பிள் வதங்கியது. “வரும்போது இரட்டிப்பாகப் புரளுவேன்” என்றார். ஆப்பிள் அழுகியது. பிறகு அணிலும் வருவதை நிறுத்தியது.

ஒருநாள் காலையில் அணில் வந்தது. மிளகு இல்லை. வாலை மட்டும் முன்னைவிட உயரமாகத் தூக்கிக்கொண்டு வந்தது.

“எங்கே சரம்?” என்று அதட்டினார் முள்ளம்பன்றியார்.

“சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன், மாமா. இனி நான் மலையேற மாட்டேன். அவளே வந்துவிட்டாள்.”

“எவள்?”

“பனிக்கரை நீர்நாய். அலையோடு அலையாக வந்து என் பாறையில் ஏறினாள். ஒரு முனையில் காற்று அவளைத் திருப்பி அடித்ததாம். மறுபடி வந்தாளாம். மீனைப் பிடித்துத் தின்று, பாறையிடுக்கில் உறங்கி, கரையை விடாமல் சுற்றிக்கொண்டே வந்தாளாம். கழுத்தில் என் மிளகுச் சரம் ஒன்று! அதை மோந்து மோந்தே வழி கண்டாளாம். கடலையே சுற்றி வந்திருக்கிறாள் மாமா, என் மிளகுக்காக!”

“கடல்... கொதிக்கவில்லையா?”

“வெதுவெதுப்பாக இருந்ததாம். ‘அடுத்தமுறை குட்டிகளைக் குளிப்பாட்டக் கூட்டி வருகிறேன்’ என்றாள். மிளகு கொண்டுபோய்க் கொடுத்ததும் கடைக்குட்டிக்கு இருமல் நின்றுவிட்டதாம், மறுமுறை வந்தபோது சொன்னாள்.”

“உன்னைத் தோலோடு தின்னவில்லையா?”

“மீன் தின்கிறவள் மாமா அவள்! நானும் அவளும் உங்கள் பொய்களை வைத்துக்கொண்டு ஒரு பொழுது முழுக்கச் சிரித்தோம். சிறகு முளைத்த பாம்பு எங்கே என்று மரம் மரமாகத் தேடினாள், பாவம்.”

முள்ளம்பன்றியாரின் மூக்கு விடைத்தது. “சிரி, சிரி. நாளைக்கு அவள் உன் பாறையிலேயே கூடு கட்டுவாள். அப்போது என்னிடம் வந்து அழு!”

“கேட்டாள்தான், மாமா. பாறையில் ஓரமாக இடம் வேண்டும் என்றாள். ‘வந்தாயா, வாங்கினாயா, அலை திரும்பும் முன் கிளம்பு, கொடியும் என்னுடையது, பாறையும் என்னுடையது’ என்றேன். உங்களிடம் இத்தனை காலம் குட்டுப்பட்ட எனக்கு அதுகூடவா தெரியாது?”

சொல்லிவிட்டு அணில் மூக்கைச் சுளித்தது. “ஐயே, என்ன நாற்றம்! முதுகெல்லாம் புழு. திரும்புங்கள் மாமா, கழற்றிவிடுகிறேன்.”

கழற்றிக்கொண்டிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். ஆனால் அவர் யார்? மலையிடுக்கின் அதிபதி அல்லவா!

முட்களைச் சிலிர்த்தார். “சரக்கு கொண்டுவராதவள் என் முதுகைத் தொடுவதா? கையை எடு! வருவார்கள். ஆயிரம் பேர் வருவார்கள். இது வழி!”

“உங்கள் விருப்பம்” என்று சொல்லி அணில் மரத்துக்கு மரம் தாவிப் போய்விட்டது. கீழே கடற்கரையிலிருந்து நீர்நாயின் சீழ்க்கை கேட்டது. அணில் பதில் குரல் கொடுப்பதும் கேட்டது.

முள்ளம்பன்றியார் தட்டைப்பாறையின்மேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாதையில் புல் முளைத்திருந்தது. வெயில் ஏறியது. முதுகில் மிளகின் காரமும் ஆப்பிளின் புளிப்பும் சேர்ந்து தோலை எரித்தன. ஈக்கள் மொய்த்தன. முன்காலை வளைத்துப் பார்த்தார். பின்காலையும் வளைத்துப் பார்த்தார். முதுகு எட்டவில்லை.

முதலில் மெல்லக் கூப்பிட்டார். பிறகு மலை எதிரொலிக்கக் கூப்பிட்டார்.

“யாராவது இருக்கிறீர்களா? புரள மாட்டேன்! ஒரு சரம்கூட வேண்டாம்! சும்மா போகலாம்! போகிற வழியில்... இந்த முதுகில் இருப்பதை மட்டும் கொஞ்சம் கழற்றிவிடுங்களேன்!”

நீதி: வழியை மறித்துப் பிழைப்பவன், பிறருக்குப் புதுவழி தேடக் கற்றுக்கொடுக்கிறான்.