மணல்திட்டில் இறங்கிய அதிகாரி

ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்தில் ஒரு கூழைக்கடா காவல் அதிகாரியாக இருந்தார். அலகுக்கு அடியில் தொங்கும் பெரிய பையைப் பார்த்து ஊர் அவருக்குத் தொங்கலார் என்று பெயர் வைத்திருந்தது.

முன்பு ஒரு வருஷம் வெளியூர்க் கொக்கு ஒன்று நோயோடு வந்து சேர்ந்தது. ஏரிக்கரை மரங்களில் இருந்த குஞ்சுகளில் பாதி செத்துப்போயின. அதன் பிறகுதான் தொங்கலார் சட்டம் போட்டார். பறந்து வந்தாலும் சரி, மிதந்து வந்தாலும் சரி, யாரும் நேரே ஏரிக்குள் நுழையக் கூடாது. மணல்திட்டில் இறங்கி, நோய் இல்லை என்று தெரியும்வரை அங்கேயே தங்க வேண்டும்.

சட்டம் நல்ல சட்டம்தான். தொங்கலார் அதைக் கொஞ்சம் கூடுதலாக ரசித்தார். கட்டையில் மிதந்து வரும் எலிகளை வாயைத் திறக்கச் சொல்வார். பறந்து வரும் வாத்துகளை வாலைத் தூக்கச் சொல்வார். வாலில் என்ன பார்க்கிறோம் என்று அவருக்கே தெரியாது. பார்த்துவிட்டு "ம்" என்பார்.

தை மாதம் தங்கை மகள் கல்யாணத்துக்காகப் பக்கத்துச் சதுப்பு நிலத்துக்குப் போனார். திரும்பும்போது தொண்டை கரகரத்தது, கண் எரிந்தது. விருந்து அதிகம் என்று நினைத்துக்கொண்டார்.

மணல்திட்டைக் கடக்கும்போது கீழே தங்கியிருந்த வாத்து ஒன்று கேட்டது: "ஐயா, நீங்க இறங்கலையா?"

"நானென்ன வெளியூரா? இது என் ஊரும்மா."

நல்ல பதில் சொன்னோம் என்று அதை இன்னொரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தபடி கூட்டுக்குப் பறந்தார்.

கூட்டில் மனைவி பூவாத்தா சிறகை விரித்துக் குஞ்சுகளை மறைத்தாள்.

"கண்ணு சிவந்திருக்கு. வாயைத் திறங்க."

திறந்தார். அவள் உள்ளே பார்த்துவிட்டு, "ம்" என்றாள். அந்தச் சத்தம் கேட்கிறவனுக்கு இப்படித்தான் இருக்குமா என்று அவருக்கு முதல்முறையாகத் தோன்றியது.

"நான் அதிகாரி, பூவாத்தா."

"அது நோய்க்குத் தெரியுமா? இன்னொரு அடி வெச்சீங்கன்னா கொத்திடுவேன்."

சிறகுக்குப் பின்னால் குஞ்சுகள் "அப்பா, அப்பா" என்று கத்தின. தொங்கலார் முறைத்துக்கொண்டே மணல்திட்டுக்குத் திரும்பினார். வாத்து திட்டின் மறுகோடிக்கு நகர்ந்துகொண்டது.

மறுநாள் காலை காய்ச்சல் கொளுத்தியது. கழுத்தைத் தூக்க முடியவில்லை. வாத்து இறால்களைப் பிடித்து, கிட்டே வராமல், நீரோட்டத்தில் விட்டது. அவை மெல்ல அவர் அலகருகே வந்து ஒதுங்கின.

"என் மேல உனக்குக் கோபம் இல்லையாம்மா?"

"இருக்கு. வாலைத் தூக்கச் சொன்னீங்களே, அதை மறப்பேனா? அதுக்காகச் சாக விடவா முடியும்?"

தொங்கலார் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியபோது அவருக்குக் கூட்டின் நினைவு வந்தது. அவர் குஞ்சுகள் அவருடைய பைக்குள் தலையை விட்டுத்தான் இரை தின்னும். நேற்று பூவாத்தா விலகியிருந்தால், முதல் வேலையாக அதைத்தான் செய்திருக்கும்.

"ஊரார் வாயையெல்லாம் திறந்து பார்த்தேன். ஊரிலேயே பெரிய வாய் என்னுடையது. அதைப் பார்க்காமல் விட்டேனே! வால் பார்த்த புத்திசாலி நான்" என்று முனகினார்.

காய்ச்சல் விட்டுப் பல நாள் ஆன பிறகு பூவாத்தா வந்தாள். கண்ணைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள். "வீட்டுக்கு வாங்க" என்றாள்.

தொங்கலார் வாத்தைப் பார்த்தார். அது திட்டில் தங்க வேண்டிய தவணை எப்போதோ முடிந்திருக்கும். நோயாளி ஒருவர் திட்டில் வந்து படுத்ததால், சட்டப்படி அவர் குணமான நாளிலிருந்து அது மறுபடி முதல் நாளாக எண்ணிக் காத்திருந்தது. வந்து படுத்தவர் இவர்தான். இவர் நலமான பிறகும் அதற்கு இன்னும் சில நாள் மிச்சம் இருந்தது.

"நீ போ, பூவாத்தா. இவளை இங்கே விட்டுட்டு நான் மட்டும் வந்தா, மறுபடியும் அந்தப் பழைய அதிகாரிதான் வீட்டுக்கு வருவான்."

அந்த நாட்கள் முழுவதும் அவரே மீன் பிடித்து வாத்துக்குத் தந்தார். தவணை முடிந்த காலையில், வாத்து முன்னால் நீந்த, தொங்கலார் பின்னால் நீந்தி ஏரிக்குள் போனார்.

விதியைப் போட்டவன் முதலில் அதற்குக் கட்டுப்பட்டால்தான் அந்த விதி ஊரைக் காக்கும்.