கள்ளுப்பானைக்கு எழுதிய ஊர்

ரொம்பக் காலத்துக்கு முன்னாலே வேழமங்கலம் சீமையை வெற்றிவேழ ராசா என்று ஒருத்தர் ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. அவருக்கு வாய்த்த மச்சான் ரணசூரப்பனோ எந்த நேரமும் ஒரே புத்தி. குடிப்பான். ராணியம்மாவின் செல்லத் தம்பி என்பதால் தட்டிக் கேட்க ஆளில்லை. மந்திரி அம்பலவாணரைக் கண்டால் மட்டும் அவனுக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அரண்மனையில் விருந்து. ராசாவும் குடித்தார், மச்சானும் குடித்தான். பாசம் பொங்கிவிட்டது ராசாவுக்கு. "மச்சான்! மருதூர் உனக்கு. என் புதுத் தேரும் உனக்கு. ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டு வா!" என்று வெற்றிலையை எடுத்து நீட்டினார். அந்தச் சீமையில் ராசா கையால் வெற்றிலை வாங்கிவிட்டால் தானம் முடிந்தது, அப்புறம் பேச்சே இல்லை. மச்சான் ஆடிக்கொண்டே வாங்கினான். ராசா தம் கையாலேயே கடிவாளத்தையும் கொடுத்து அனுப்பினார்.

தேர் கடைத்தெருவில் தறிகெட்டு ஓடியது. பூக்கடைப் பந்தல் போச்சு, மோர்ப்பானை போச்சு. கடைசியில், ஓரமாக நடந்துபோன சடையன் கால்மேல் சக்கரம் ஏறி இறங்கியது. சடையன் யாரென்றால், ராசாவின் பல்லக்குத் தூக்கி. காலை நம்பிப் பிழைப்பவனுக்குக் காலே போனால் என்ன மிச்சம், சொல்லுங்கள்!

மறுநாள் அவன் பெண்டாட்டி வேம்பாயி சபைக்கு வந்து நின்றாள்.

"மகாராசா, என் புருஷன் காலை ஒடித்துவிட்டார்கள். இனி என் வீட்டு அடுப்பு எப்படி எரியும்? ஒடித்தவர் பதில் சொல்லணும்."

ரணசூரப்பன் கொட்டாவி விட்டான். "உன் புருஷன் குடித்துவிட்டு வந்து தேருக்குக் குறுக்கே விழுந்திருப்பான்."

"வாயைக் கழுவுங்க சாமி! பல்லக்குத் தண்டைத் தொடுகிறவன் கள்ளைத் தொடக்கூடாது. இது எங்கள் கட்டுப்பாடு. ஓர் ஆள் தள்ளாடினால் உள்ளே இருக்கிற மகாராசா அல்லவா கீழே விழுவார்! குடித்தது யார் என்று கடைத்தெருவையே கேளுங்க."

"சரி, குடித்தேன். அதனால்தான் சொல்கிறேன், நான் எதுவும் செய்யவில்லை. எனக்குச் சுயநினைவே இல்லை. தேரை ஓட்டியது கள். போய்க் கள்ளிடம் நியாயம் கேள்!"

ராசாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சபாஷ் மச்சான்! குடிமயக்கத்தில் செய்தது செய்தவனைச் சேராது. இதுவே என் தீர்ப்பு!"

வேம்பாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன மந்திரியாரே, வாயடைத்துப் போச்சா?" என்று சீண்டினான் மச்சான்.

"அருமையான தீர்ப்பு," என்றார் அம்பலவாணர். "யாரங்கே! மருதூருக்கு ஆள் அனுப்புங்கள். இனி அந்த ஊர் கள்ளுப்பானைக்குச் சொந்தம். தேரையும் பானை வாசலில் கொண்டுபோய்க் கட்டுங்கள்."

"என்ன உளறல் இது? மருதூர் என்னுடையது!"

"உங்களுடையது எப்படி ஆகும்? வெற்றிலை வாங்கும்போது உங்களுக்குத்தான் சுயநினைவே இல்லையே. வாங்கியது கள். பானைக்கு ஒரு தலைப்பாகை கட்டி நாளைக்கு உங்கள் ஆசனத்தில் உட்கார வைக்கணும். மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா?"

ரணசூரப்பன் துள்ளி எழுந்தான். "அநியாயம்! எவ்வளவு குடித்தாலும் நான் நான்தான்! வெற்றிலை வாங்கியது நான். இதோ, இந்தக் கை!"

"கடிவாளம் பிடித்ததும் அதே கையா?"

"அதே கைதான்! பின்னே, இரவல் கையா?"

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. சபை கொல்லென்று சிரித்தது. வேம்பாயி எழுந்து நின்றாள். ராசா தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"இன்னும் முடியவில்லை மகாராசா," என்றார் அம்பலவாணர். "பல்லக்குத் தூக்கிக்குக் கட்டுப்பாடு உண்டு. தேர் ஓட்டுகிற பெரிய மனிதருக்கு மட்டும் ஏன் இல்லை? அதோடு, ஆடிக்கொண்டு நின்ற ஆள் கையில் கடிவாளத்தைக் கொடுத்தது யார்? அவரிடமும் இந்த அம்மாள் நியாயம் கேட்கலாம்."

சிரிப்பு பட்டென்று நின்றது. ராசாவின் முகம் சிவந்தது. மந்திரி தலை போச்சு என்றே எல்லோரும் நினைத்தார்கள். ராசா வேம்பாயியைப் பார்த்தார்.

"நான்தான் கொடுத்தேன்," என்றார். "என்மேலும் தப்பு இருக்கிறது, தாயே. என்ன வேண்டும், கேள்."

"கால் வேணும் மகாராசா. அது கூடுகிற வரைக்கும் சோறு வேணும். காலே கூடாமல் போனால் ஆயுசுக்கும் சோறு வேணும். தண்டில் என் புருஷன் இடம் காலியாக இருக்கிறது. காலியாக்கினவரே அங்கே நிற்கணும்."

"அப்படியே ஆகட்டும். கொடுத்த ஊர் மச்சான் பேரிலேயே இருக்கட்டும், மருதூர் விளைச்சல் இனி உன் வீட்டுக்கு. சடையன் நடக்கிற வரைக்கும் வைத்தியர் வீட்டுக்கு என் பல்லக்கிலே போகட்டும். நான் நடந்துகொள்கிறேன். தேரோட்டிகளுக்கும் இன்றுமுதல் அதே கட்டுப்பாடு. மச்சான், பட்டு உத்தரீயத்தைக் கழற்று!"

"அத்தான்! என் தோள்..."

"பழகிவிடும்."

அடுத்த நாள் ஊரே வேடிக்கை பார்த்தது. கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு பல்லக்கில் சடையன். முன்தண்டில் வேர்த்து வழிய ரணசூரப்பன். எப்போதும் முன்னால் பல்லக்கில் போகிற ராசா இப்போது பின்னால் கால்நடையாக வந்தார்.

கள்ளுக்கடை வந்தது. ரணசூரப்பனின் கால் தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது. பல்லக்கு ஒரு குலுங்கு குலுங்கியது.

உள்ளேயிருந்து சடையன் அலறினான். "ஐயா, தண்டு தோளில் இருக்கிறது! எனக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு கால்தான்!"